லீவு கிடைக்காத மாப்பிள்ளை

ஜூன் 3, செவ்வாய்

கலெக்டர் ஆபீஸிலிருந்து புது ஏற்பாடு ஒன்று வந்து என் தலையில் விழுந்திருக்கிறது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. எங்கள் நல்லாங்குளம் தாலுகாவில் தகுதியுள்ளவர்கள் ஏராளம், மனுப் போடுகிறவர்கள் சொற்பம். அவர்களை எப்படியாவது மனுப் போட வைக்கவேண்டுமாம். அதற்குச் சென்னையிலிருந்து மேகலா என்று ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். மனிதர்கள் எதனால் ஒன்றைச் செய்கிறார்கள், எதனால் செய்யாமல் விடுகிறார்கள் என்பதற்குத் தனிப் படிப்பே இருக்கிறது. நடத்தை அறிவியல் என்று பெயர். இத்தனை வருஷம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு இப்போதுதான் இது தெரிகிறது.

தாசில்தார் அவளை நேராக என் மேசைக்கே கூட்டிவந்துவிட்டார். "இவருதான் நம்ம ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. சுந்தரமகாலிங்கம். அடுத்த மே மாசம் ரிட்டையர் ஆகுறாரு. இவருக்குத் தெரியாத வீடு இந்தப் பக்கத்துல கிடையாது" என்றார். புகழ்ச்சி காதில் விழும்போதே வேலை வரப்போகிறது என்று புரிந்துவிட்டது.

"சார், பணம் தர்றோம்னு சொல்லியும் ஏன் சார் வரமாட்டேங்குறாங்க?" என்று கேட்டாள் மேகலா.

"சோம்பேறித்தனம் மேடம்."

எழுதிக்கொண்டாள். எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வரும் வழியில் பேத்தி இதழினியின் நோட்டுகளுக்கு அட்டை போடப் பழுப்புத் தாள் வாங்கினேன். ஒன்றாம் வகுப்புப் போகிறாள். என் ஒரே மகள் சொர்ணாவை வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வந்தபோது வயிற்றில் இருந்தவள், இப்போது என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னையே மிரட்டுகிறாள். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார். குழந்தையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. அந்த ஊர்க் கம்பெனிகளில் லீவு கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

ஜூன் 7, சனி

பள்ளிக்கூடத்தில் குழந்தையின் அப்பா போன் நம்பர் கேட்டார்கள். என் நம்பரைக் கொடுத்தேன். டீச்சரம்மா ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷி.

ஜூன் 12, வியாழன்

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் செய்வதைத்தான் மனிதர்கள் செய்வார்கள் என்பது மேகலாவின் படிப்பில் ஒரு பாடம். அதை நம்பி, பூசாரிபட்டியில் எல்லாப் போனுக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். "உங்கள் ஊரில் தகுதியுள்ள பத்துப் பெண்களில் எட்டுப் பேர் கைவிடப்பட்டோர் உதவித்தொகை பெறுகிறார்கள். நீங்கள்?" இரண்டு மணிக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் நின்ற அம்மாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்ன சார் இது? எங்க ஊர்ல பத்துக்கு எட்டுப் பேரு புருசன் ஓடிப்போனவளுகன்னு கவர்மெண்டே தண்டோரா போடுது. இனி எங்க ஊருக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? எம் மகளுக்கு ஆவணியில கல்யாணம் சார்!"

தகுதியுள்ளவர்களில்தான் எட்டுப் பேர் என்று மேகலா விளக்கப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் யார் காதில் விழும்? மோர் வாங்கிக் கொடுத்து, தவறாக வந்த செய்தி என்று இன்னொரு செய்தி அனுப்பி, ஒருவழியாக வேனை ஏற்றிவிட்டோம். மேகலா முதலில் முகம் செத்துப்போய் நின்றாள். பிறகு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கத் தெரிந்த பெண் என்றதும் எனக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

"வீட்டு வரி கட்ட வைக்க இதே மாதிரி அனுப்புனோம் சார். நல்லா வேலை செஞ்சது" என்றாள்.

"வரி கட்டுனதுக்கு யாரும் வெக்கப்பட மாட்டாங்களே மேடம்" என்றேன், சும்மா வாயில் வந்ததைத்தான். அதையும் எழுதிக்கொண்டாள். இந்த முறை கேள்விக்குறி போடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மனசு சரியில்லை. சொர்ணா இன்று ஒரு பேச்சை எடுத்தாள்.

எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருக்கிற அங்கன்வாடியில் பணியாளர் வேலை காலியாக இருக்கிறது. ஆகஸ்ட் பதினான்கு கடைசித் தேதி. இதழினியைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். சொர்ணா அங்கே அவ்வப்போது போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள், அங்குள்ள ஆயா அம்மாளுக்கும் அவள் என்றால் உயிர். நல்லதுதானே, போடு என்றேன்.

"பொதுவுல போட்டா நூறு பேரோட நானும் ஒருத்திப்பா. கைவிடப்பட்டவங்களுக்கு முன்னுரிமை இருக்கு. தாலுகா ஆபீஸ் சான்று இருந்தா போதும்."

என் மனைவி ஆவுடையம்மாள் சப்பாத்திக் கட்டையைத் தட்டென்று வைத்தாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுடி இது? வாயைக் கழுவு."

"அம்மா, அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது எனக்கு வயசு தாண்டிரும். அப்பாவும் ரிட்டையர் ஆயிருவாங்க. இவளை யாரு படிக்கவைக்கிறது?"

நான் நிதானமாகத்தான் சொன்னேன். "பொதுவுலயே போடும்மா. நாளைக்கு மாப்பிள்ளை லீவுல வர்றப்ப இப்படி ஒரு சான்று கையில இருந்தா நல்லாவா இருக்கும்?"

சொர்ணா என்னையே பார்த்தாள். "அவரு கடைசியா உங்களுக்கு எப்பப்பா போன் பண்ணாரு?"

மஸ்கட்டில் போன் லைன் சரியாகக் கிடைப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைச் சொன்னேன். அவள் எழுந்து இதழினிக்குத் தலை வாரப் போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

குறுஞ்செய்தி வேண்டாம், பாதி நிரப்பிய மனுவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம் என்றாள் மேகலா. வேலையைச் சுலபமாக்கினால் ஆட்கள் செய்துவிடுவார்களாம். மூன்று நாளாக அவளோடு வெயிலில் அலைந்தேன்.

எல்லாப் பெண்களும் வாசலில் நின்று ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "எங்க வீட்டுக்காரரு வெளியூர்ல இருக்காக சார்." போய் எவ்வளவு காலமாச்சும்மா என்றால், "அஞ்சாறு வருசம் இருக்கும். லீவு கிடைக்கல." திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவனுக்குத் தீபாவளிக்குக்கூடவா லீவு கிடைக்காது? யாரிடம் காது குத்துகிறார்கள்? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்படித் தங்களையே ஏமாற்றிக்கொண்டால் அரசாங்கம் என்னதான் செய்யும்?

மேகலா மட்டும் கோபப்படவில்லை. "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா ஏதோ காரணம் இருக்கணும் சார்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டு வாசலில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். பெண்கள் தாங்களாகவே கூடுகிற இடத்தில் மேசை போட்டால்? ஆடி பிறப்பதற்குள் பூசாரிபட்டி சமுதாயக்கூடத்தில் சமுதாய வளைகாப்பு நடக்கப் போகிறது. கர்ப்பிணிகளுக்கு அரசே சந்தனம் பூசி, வளையல் போட்டு, கலவைச் சாதம் போடுகிற விசேஷம். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வருவார்கள், மைக் இருக்கும், பந்தல் இருக்கும், செலவும் நமக்கில்லை. தகுதியுள்ளவர்களின் பெயர்களை நானே எழுதித் தருகிறேன் என்றேன். மேகலா கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்குத்தான் ஊர் தெரியும் சார்" என்று ஒத்துக்கொண்டாள்.

எனக்கும் இந்தப் படிப்பு கொஞ்சம் வருகிறது போலிருக்கிறது.

ஜூலை 9, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் தூங்க முடியாது.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வரிசையாக நாற்காலிகளில் கர்ப்பிணிப் பெண்கள், கழுத்தில் மாலை, முன்னால் தாம்பாளங்களில் வளையல், பூ, பழம். சொர்ணாவும் அங்கன்வாடி அம்மாளுக்கு உதவியாக வந்து சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கமாக எங்கள் மேசை. அரை மணி நேரம் ஆகியும் ஒருத்தி கிட்டே வரவில்லை. மேசைக்கு மேலே திட்டத்தின் பெயரைத் துணியில் பெரிதாக எழுதிக் கட்டியிருந்தோம். பெண்கள் அதைப் பார்த்ததும் அடுத்த வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்று ஆபீஸ் உதவியாளரிடம் தாளைக் கொடுத்து மைக்கில் வாசிக்கச் சொன்னேன். மேகலா "சார், வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் முதல் பெயரை வாசித்துவிட்டான்.

"கணவனால் கைவிடப்பட்ட குருவம்மாள், உடனே மேசைக்கு வரவும்."

குருவம்மாள் அந்த நேரத்தில் மேடையில் நின்றுகொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். தன் அண்ணன் மகள் கன்னத்தில் சந்தனம் பூசி, கையைப் பிடித்து ஒரு வளையல் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறைய மல்லிகை. அந்தப் பெண்ணின் மாமியார் எழுந்து வந்து தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் முந்தானையை எடுத்து மருமகள் கன்னத்துச் சந்தனத்தைத் துடைத்தாள். போட்ட வளையலையும் கழற்றிக் கீழே வைத்தாள்.

குருவம்மாள் கையிலிருந்த வளையலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சொர்ணாதான் சந்தனக் கையோடு பின்னாலேயே ஓடினாள்.

வீட்டில் சொர்ணா எனக்குச் சாதம் வைத்தாள், ரசம் ஊற்றினாள். பிறகு சொன்னாள்.

"அந்த மைக்குல என் பேரையும் கூப்பிட்டிருக்கலாமேப்பா. நானும் அங்கதான சந்தனம் கரைச்சுக்கிட்டு இருந்தேன்."

ஜூலை 10, வியாழன்

லீவு போட்டேன். தலைவலி.

ஜூலை 12, சனி

குருவம்மாளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று மேகலா சொன்னாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன் என்று எழுத ஆசைதான். கூப்பிட்டதால்தான் போனேன்.

ஓட்டு வீடு. உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே பேசினோம். மேகலா சுற்றி வளைக்கவில்லை. "தப்பு பண்ணிட்டோம்க்கா. உங்க அண்ணன் மக முன்னாடி உங்களை அப்படி நிறுத்திட்டோம்" என்றாள். பேர் எழுதிக் கொடுத்ததும் வாசிக்கச் சொன்னதும் நான்தான் என்று நானும் சொன்னேன்.

குருவம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"உங்க பணம் வேணாம்னு யாரு சார் சொன்னா? எனக்கென்ன கிறுக்கா? எட்டு வருசமா இந்தப் பொட்ட வச்சுக்கிட்டு நாலு நல்லது பொல்லதுக்குப் போயி வந்துக்கிட்டு இருந்தேன். அந்தாளு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாக, நானும் தெரியாத மாதிரி இருந்தேன். அதுல ஒரு மருவாதி இருந்துச்சு. மனு குடுத்தா வி.ஏ.ஓ. வந்து டீக்கடையில நின்னு, 'இந்தம்மா புருசன் விட்டுட்டுப் போனது நெசமா'ன்னு நாலு பேருகிட்டக் கேப்பாரு. அதுக்குப் பயந்துதான் இம்புட்டு நாளும் குடுக்கல. நீங்க அதையே மைக்குல கேட்டுட்டீக."

மேகலாவின் கண் கலங்கிவிட்டது. முற்றத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது குருவம்மாள் என்னிடம் கேட்டாள். "அன்னைக்கு எம் பின்னாடியே ஓடியாந்துச்சே, அது உங்க மகளா சார்? என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுமே பேசாம பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்துச்சு. தங்கமான புள்ள."

ஆமாம் என்றேன்.

"மாப்ள எங்க இருக்காக?"

மஸ்கட் என்றேன். குருவம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூலை 18, வெள்ளி

மேகலா தாசில்தாரிடம் மணிக்கணக்காகப் பேசி இரண்டு விஷயங்களுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டாள். ஒன்று, இனி இந்தத் திட்டத்துக்கென்று தனி மேசை கிடையாது. ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, தையல் மெஷின், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் பெண்களுக்கு ஒரே அறை. ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். யார் எதற்கு வந்தார்கள் என்று வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியாது. இரண்டு, விசாரணை தெருவில் நடக்கக் கூடாது. வி.ஏ.ஓ. வீட்டுக்குள் போய், குடும்பத்தாரிடம் மட்டும் கேட்டால் போதும்.

"இவ்வளவுதானா உங்க அறிவியல்?" என்று கிண்டல் செய்தேன்.

"இவ்வளவுதான் சார். இதைக் கண்டுபிடிக்க ஒருத்தங்களை அழ வச்சிட்டோம்" என்றாள். கிண்டலுக்கு வந்த பதில் இல்லை அது. மேசைமேலிருந்த கோப்பை எடுத்துப் பிரித்தேன்.

ஜூலை 26, சனி

பூசாரிபட்டிப் பள்ளிக்கூடத்தில் முகாம். நான் வெளியே நாற்காலி போடுவது, தண்ணீர் வைப்பது, டோக்கன் கொடுப்பது. உள்ளே மேகலாவும் வி.ஏ.ஓ. ஜெனிட்டாவும். ஜெனிட்டா இரண்டு வருஷமாக எனக்குக் கீழே வேலை பார்க்கிறவள், சுறுசுறுப்பான பெண்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். "ரேஷன் கார்டுக்கு வந்தேன்" என்று எல்லோரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ரேஷன் கார்டுக்கு யார் அழுவார்கள்? யாரும் யாரையும் கேட்கவில்லை. குருவம்மாளும் வந்தாள். என்னிடம் டோக்கன் வாங்கும்போது, "உங்களுக்காக வரல சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள்.

அவளுக்குப் பின்னால் சொர்ணா நின்றாள்.

எங்கள் கார்டில் இதழினி பெயர் இன்னும் சேர்க்கவில்லையே, அதற்குத்தான் வந்திருப்பாள் என்று நினைத்தேன். டோக்கனை நீட்டினேன். கையில் வாங்கிக்கொண்டு, "தாங்க்ஸ் சார்" என்றாள், வெளி ஆளிடம் சொல்வதுபோல. வெகுநேரம் உள்ளே இருந்தாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க இப்போது நிறையக் கேள்வி கேட்கிறார்கள்.

ஜூலை 30, புதன்

ஜெனிட்டா போன் செய்தாள். மென்று விழுங்கினாள். "சார், ஒரு மனு வந்திருக்கு சார். உங்க வீட்டு அட்ரஸ். நான் அனுப்புனா அடுத்து உங்க லாகின்லதான் வந்து நிக்கும்."

சொந்த மகள் மனுவில் நான் கையெழுத்துப் போட முடியாது. தாசில்தார் அதைப் பக்கத்து ஆர்.ஐ.க்கு மாற்றிவிட்டார். மாற்றும்போது என் தோளில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?" ஆவுடை ஒரு பக்கம் அழுகை. "வர்ற தை மாசம் வந்துருவாருன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. அவசரப்பட்டுட்டியே பாவி" என்று மகளைத் திட்டுகிறாள்.

சொர்ணா குரலை உயர்த்தவில்லை. "நீங்க எனக்குச் சிபாரிசு பண்ண வேணாம்ப்பா. ஜெனிட்டா அக்கா விசாரணைக்கு வருவாங்க. அப்பப் பொய் சொல்லாம இருந்தீங்கன்னா போதும்."

ஜூலை 31, வியாழன்

இன்று மஸ்கட் நம்பருக்கு மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. போன வருஷமும் இதே பெண்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜெனிட்டா காலையிலேயே வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, கதவை அவளே சாத்தினாள். உட்கார நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் நின்றாள்.

"சார், எல்லாம் தெரிஞ்சதுதான. நானே எழுதிக்கிறேன் சார். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

தப்பிப்பதற்கு அந்த ஒரு வழி திறந்திருந்தது. வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம், சான்றும் வந்துவிடும், நான் சொன்னதாகவும் ஆகாது. சொர்ணா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். இவள் கேட்டது ஒன்றே ஒன்றுதானே என்று தோன்றியது.

"உக்காரும்மா. மத்த வீட்டுல எப்படிக் கேப்பியோ அப்படியே கேளு" என்றேன்.

ஜெனிட்டா உட்கார்ந்தாள். "உங்க மக சொர்ணலதாவோட கணவர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா சார்?"

"தெரியாது."

"வீட்டுக்கு ஏதாவது பணம் அனுப்புறாரா? போன் பேசுறாரா?"

"இல்ல."

"திரும்பி வருவாருன்னு நினைக்கிறீங்களா?"

இந்தக் கேள்வி விசாரணையில் உண்டு. நானே பலரிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆவுடை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினாள்.

"வரமாட்டாரு" என்றேன். "பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்தோம். அதுக்குப் பெறகு அவரு வரவே இல்ல. பிள்ளை பொறந்ததுக்கும் வரல. விட்டுட்டுப் போயிட்டாரு. எம் மகளை அவரு கைவிட்டுட்டாரு."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்ணின் முன்னால், இந்த வயசில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. ஜெனிட்டா எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொர்ணா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். சுமையை இறக்கி வைத்துவிட்ட முகம். அவள் கல்யாணத்துக்கு முன்னால் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆவுடை என்னோடு பேசவில்லை. சாம்பாரில் உப்பே இல்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சான்று நேற்று வந்தது. கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னால் சொர்ணா விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள். குருவம்மாளுக்கும் உதவித்தொகை அனுமதியாகிவிட்டது என்று மேகலா சொன்னாள். அண்ணன் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லையாம். அதற்கு என்ன செய்வதென்று அவள் படிப்பில் இல்லை. எனக்கும் தெரியவில்லை.

மேகலா இன்று சென்னைக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சோம்பேறித்தனம்னு முதல் நாள் சொன்னீங்களே சார், இப்ப என்ன சொல்லுவீங்க?"

"போம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவுடை பேசிவிட்டாள். "அவகிட்ட இருக்குற சேலையெல்லாம் சாயம் போயிருச்சு. இன்டர்வியூக்கு நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க அவளுக்கு" என்றாள். மூன்று பேருமாகப் போய் நீலத்தில் ஒன்று எடுத்து வந்தோம்.

செப்டம்பர் 11, வியாழன்

நேர்காணலுக்குச் சொர்ணாவோடு நானும் போனேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள். டவுன் பஸ்ஸில் கூட்டம், சேலை கசங்கிவிடும், கூட நிற்க ஆள் வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டு போனேன்.

வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். அவள் வந்ததும் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறாள் போல. பிள்ளைகள் பாட்டு ஒன்று பாடச் சொன்னார்களாம், பாடினாளாம், கேட்டவர்களும் சேர்ந்து கை தட்டினார்களாம். வேலை கிடைக்குமா என்பது இன்னும் ஒரு மாதத்தில் தெரியும். பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்தேன்.

"கஷ்டமா ஏதாவது கேட்டாங்களாம்மா?"

"ஒரு அம்மா, அவரு ஏன் விட்டுட்டுப் போனாருன்னு கேட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் எதுக்குக் கேக்குறாங்க? தெரியாதுன்னு சொல்லிர வேண்டியதுதான?"

"எனக்குத் தெரியுமேப்பா" என்றாள் சொர்ணா. வெள்ளரிக்காயில் மிளகாய்ப்பொடியைத் தட்டிவிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவங்களுக்குச் சுருக்கமா ரெண்டு வரியில சொன்னேன். இந்த ஆறு வருசத்துல என்கிட்ட அதைக் கேட்ட மொத ஆளு அவங்கதான்."

எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது. சொர்ணா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஏன்மா போனான்? அப்பாகிட்டச் சொல்லு."

முதலில் என்னைப் பார்த்தாள், நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அந்த பஸ் போனது. அடுத்ததும் போனது. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் சொன்னது எதையும் இங்கே எழுதப்போவதில்லை.